சந்தா பாதியாகக் குறைந்தாலும் அந்தக் குறிப்புப் பொத்தான் மாறவில்லை

தண்டவாளம் போடும் அந்தப் புதிர்ச் செயலியின் ஆண்டுச் சந்தா பாதியாகக் குறைந்திருக்கிறதே, என் பெண்ணுக்கு வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ரொம்ப நாளாகப் பணம் கட்டி ஆடுகிறவன் என்பதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் தெரிந்ததுதான். தண்டவாளம் தொடங்கும் ஏ இடது ஓரத்தில், போய் முடியும் பி கீழ் ஓரத்தில், ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் எத்தனை கட்டத்தில் தண்டவாளம் என்று ஓர் எண், நடுவே இரண்டையும் இணைத்து, தன்னைத் தானே வெட்டாத ஒரு பாதை. செயலியில் வரைவது சுகம், விரலை இழுத்தால் வளைவு தானாக அமையும், விளம்பரத் தொல்லை கிடையாது.

எரிச்சல் எல்லாம் குறிப்புப் பொத்தானில்தான். சிக்கி நிற்கும்போது அழுத்தினால் ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டுப் போய்விடுகிறது, ஏன் அங்கே என்று ஒரு வரி கிடையாது! காரணம்தானே ஐயா புதிர்? மூலைக் கட்டத்துக்குள் வந்த தண்டவாளம் திரும்பியே ஆகவேண்டும், அப்போது பக்கத்துக் கட்டமும் நிரம்பும், ஆகவே அந்த வரிசையின் எண் 1 என்றால் மூலை காலி (ஏ, பி அங்கே இல்லாதவரை). இதைச் சொல்லிக் கொடுத்தால் குழந்தை அடுத்த புதிரில் தானே பிடித்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: ஏ இருக்கும் வரிசைக்கு மேலே எந்த இரண்டு வரிசைக்கு நடுவிலும் தண்டவாளம் இரட்டைப்படைத் தடவைதான் கடக்க முடியும், மேலே போனது இறங்கி வந்தாக வேண்டுமே, ஏ-க்குக் கீழே என்றால் ஒற்றைப்படை, போய்ச் சேர வேண்டிய பி கீழே இருக்கிறது. நகரவே நகராத பெரிய புதிர்களை இது திறந்துவிடும். செயலி இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எழுதிக் கேட்டேன், பதிலும் இல்லை.

சைமன் டேத்தம் என்ற நிரலாளரின் புதிர்த் தொகுப்பில் இருக்கும் 'டிராக்ஸ்' இதே ஆட்டம்தான். இலவசம், கணினியிலும் கைப்பேசியிலும் ஓடும், கேட்கும்போதெல்லாம் புதுப் புதிர், விடை ஒன்றே ஒன்று. பார்க்க வறட்சியாக இருக்கும். அங்கேயும் காரணம் கிடைக்காது, தீர்க்கச் சொன்னால் முழு விடையையும் கொட்டிவிடும். ஆனால் அது காசும் வாங்கவில்லை, குறிப்பு தருகிறேன் என்று சொல்லவும் இல்லை.

அதனால் பாதி விலைக்கும் வாங்காதீர்கள். நான் புதுப்பிக்கத்தான் போகிறேன், அந்த விரல் இழுப்பை விட மனமில்லை. பெண்ணுக்கு டிராக்ஸில் எளிய நிலையில் சின்னப் புதிராகப் போட்டுக் கொடுங்கள், தண்டவாளம் வர முடியாத இடங்களுக்கு முதலில் பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள், அப்புறம் அந்த மூலை விஷயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே காட்டுங்கள்.