ஐந்துக்கு இரண்டரை: பைபாஸுக்கு நிலம் கொடுத்த அனுபவம்

இதற்கு முன் நான் எழுதிய விமர்சனங்கள் மூன்றே மூன்று. ஒரு சப்மெர்சிபிள் மோட்டார், ஒரு தீவனம் வெட்டும் இயந்திரம், மகள் கல்யாணத்துக்குச் சமைத்தவர்கள். நில எடுப்பு அலுவலகத்துக்கும் நட்சத்திரம் போடப் போகிறேன் என்றதும் மகள் சிரித்தாள். ஏன் போடக் கூடாது? மோட்டாருக்காக இரண்டு முறை கடைக்குப் போனேன். இதற்காக இரண்டு வருடத்தில் இருபத்தாறு முறை போயிருக்கிறேன். பஸ் டிக்கெட்டெல்லாம் ஒரு கவரில் இருக்கிறது.

கொங்குப் பக்கம் ஒரு கிராமம். எந்த மாவட்டம், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் நல்லவர்கள், மீதிப்பேர் மாறுதலாகிப் போய்விட்டார்கள்.

தேசிய நெடுஞ்சாலைக்கு பைபாஸ் போடுவதற்காக 45 மீட்டர் அகலத்துக்குக் கல் நட்டார்கள். அதில் என் தென்னந்தோப்பின் ஓரமாக 14 செண்ட் போனது. நோட்டீஸில் 567 சதுர மீட்டர் என்று இருந்ததால் முதலில் ஏதோ அரை ஏக்கர் போகிறது என்று பயந்துவிட்டேன். ஒரு செண்ட் என்பது 40.47 சதுர மீட்டர். இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் யாரும் செண்டில் பேச மாட்டார்கள்.

நிலத்துக்குப் பணம் வந்துவிட்டது. சிக்கல் நிலத்தில் இல்லை, தடத்தில்.

எங்கள் கிணறு மேற்கே இருக்கிறது, தோப்பு கிழக்கே. நடுவில் என் பங்காளி, அதாவது பெரியப்பா மகனின் காடு (எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம்). 1974இல் அப்பாவும் பெரியப்பாவும் பிரித்துக்கொண்டபோது எழுதிய பாகப் பிரிவினைப் பத்திரத்தில் தெளிவாக இருக்கிறது: 'மாமூல் வண்டித் தடத்தில் ஆள், மாடு, வண்டி போக வர பாத்தியமும், கிணற்றில் சரிபாதி பாத்தியமும், வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுபோகும் பாத்தியமும்.' மாமூல் என்றால் இங்கே வழக்கமான, பாத்தியம் என்றால் உரிமை. எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் இந்த வரி இல்லாத பத்திரம் குறைவு. 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டப்படி, எழுத்தில் இல்லாவிட்டாலும் 20 வருடம் தடையில்லாமல், உரிமையாக நடந்து வந்த தடத்துக்குப் பாத்தியம் உண்டு. எனக்கு எழுத்தே இருந்தது. ஆனால் பட்டாவில் தடம் கிடையாது, சிட்டாவிலும் கிடையாது. நில எடுப்புக்காரர்கள் பார்ப்பது பட்டாவையும், நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தையும்தான்.

முதல் கட்டம் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிக்கை, அதாவது இந்த நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று சொல்வது. 2021இல் வந்தது. அரசிதழில் போட்டு, இரண்டு நாளிதழில் போடுவார்கள், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். போட்டார்கள்தான். முழுப்பக்கம், எறும்பு எழுத்து, வெறும் சர்வே எண்கள். நான் வாங்குவது வேறு பேப்பர். பங்காளி மகன் முடி வெட்டப் போன இடத்தில் பார்த்துவிட்டு, "சித்தப்பா, நம்ம நம்பர் வந்திருக்குது" என்று போன் செய்தான். ஆட்சேபம் கொடுக்க 21 நாள் உண்டு. அவன் சொன்ன அன்று மீதி இருந்தது ஒன்பது. இந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் போகிறது. சட்டப்படி செய்தாகிவிட்டது என்றாலும், கிராம சாவடியில் ஒரு தாளை ஒட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அந்த ஒன்பது நாளில் செய்த ஒரே புத்திசாலித்தனம், ஆட்சேபத்தை 'சாலை வேண்டாம்' என்று எழுதாமல் இருந்தது. ஊரில் பலர் அப்படித்தான் எழுதினார்கள், ஒரே வரியில் தள்ளுபடி ஆனது. டைப் அடித்துக் கொடுத்த பத்திர எழுத்தர் பெரியவர் சொன்னார்: "ஏனுங்க, ரோட்ட நிறுத்த முடியாதுங்க. ரோட்டுக்கு அடியில என்ன வேணும்னு கேளுங்க." கேட்டேன். சர்வே எண், உட்பிரிவு போட்டு, தடம் கடக்கும் இடத்தைப் புலப்படத்தில் சிவப்பு மையால் குறித்து, 1974 பத்திர நகலை இணைத்து, வண்டி போக வழி ஒன்றும் தண்ணீர்க்குழாய் போக வழி ஒன்றும் வேண்டும் என்று கேட்டேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரை பின்னால் எவ்வளவு வேலை செய்தது என்று வருகிறேன்.

விசாரணை பத்து நிமிடம். அலுவலர் ஓர் அம்மையார், மரியாதையாகக் கேட்டார். சாலையின் போக்கை மாற்ற முடியாது, மற்றதைக் கட்டுமானப் பிரிவுக்கு அனுப்புகிறேன் என்று எழுதினார். அதோடு சரி.

அடுத்தது 3டி. இந்த அறிவிக்கை வந்த நிமிடம் நிலம் எல்லா வில்லங்கமும் நீங்கி மத்திய அரசுக்குப் போய்விடுகிறது. 'வில்லங்கம் நீங்கி' என்ற இரண்டு சொல்லில்தான் என் தடம் போனது. அடமானம், குத்தகை, பாத்தியம் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. பங்காளியின் காட்டில் தடம் சாலையைக் கடக்கும் நீளம் 45 மீட்டர், அகலம் 3 மீட்டர். 135 சதுர மீட்டர், மூன்றே கால் செண்டுக்குக் கொஞ்சம் மேல். அதற்கும் சேர்த்துப் பணம் அவருக்குத்தான், ஏனென்றால் பட்டா அவருடையது.

1956ஆம் வருட நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஜி பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் படித்துவிட்டுத்தான் போனேன். பயன்பாட்டு உரிமையோ வழியுரிமை போன்ற உரிமையோ எடுக்கப்பட்டால், நிலத்துக்காரருக்கும் அனுபவ உரிமை பாதிக்கப்பட்ட மற்றவருக்கும் நிர்ணயித்த தொகையில் 10 சதவீதம் தர வேண்டும் என்று இருக்கிறது. அதை அம்மையாரிடம் காட்டினேன். அவர் புத்தகத்தைத் தள்ளிவிடவில்லை, படித்தார். "இது உரிமையை மட்டும் எடுக்கும்போதுங்க ஐயா. நாங்க நிலத்தையே எடுக்கிறோம். உங்க பங்கு வேணும்னா உங்க பங்காளி தொகையில ஆட்சேபம் எழுதுங்க. பங்குத் தகராறுன்னா சிவில் கோர்ட்டுக்குப் போகும், அதுவரைக்கும் அந்தப் பணம் நிக்கும்" என்றார். தெளிவாகச் சொன்னதற்கு அவருக்கு அரை நட்சத்திரம் கூடவே தரலாம். வக்கீலிடம் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார், ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு.

அன்று சாயங்காலம் பங்காளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். "தம்பி, தடம் உன் பாத்தியந்தான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா பணம் கோர்ட்டுக்குப் போனா நாம ரெண்டு பேருமே பாக்க மாட்டோம்" என்றார். அவருக்கு அறுபத்தொன்பது வயது, மகன் படிப்புக்குக் கடன் இருந்தது. நான் எழுதவில்லை. அவர் எனக்கு ஏதாவது தருவதாகச் சொன்னாரா என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பணக்கணக்குக்கு வருவோம். 2015 ஜனவரி 1 முதல் நெடுஞ்சாலை நில எடுப்புக்கும் 2013ஆம் வருட நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் பொருந்தும். வழிகாட்டி மதிப்பு ஒன்று, கடந்த மூன்று வருடக் கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. கிராமம் என்றால் அதை ஒரு காரணியால் பெருக்கி, மரம், கட்டடத்தின் மதிப்பையும் சேர்த்து, வந்த தொகைக்கு 100 சதவீதம் ஆறுதல் தொகை போடுவார்கள். போக, சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதம் தனியாக. கேட்கும்போது அள்ளிக் கொடுப்பதுபோல இருக்கும். எங்கள் ஊரில் அப்படி இல்லை, அதற்குக் காரணமும் நாங்கள்தான். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு சதவீதமாக ஏற்றினார்கள். முத்திரைத் தீர்வையோடு சேர்ந்து 11 சதவீதம் வந்தது. அவ்வளவு கட்டணத்துக்குப் பயந்து, கை மாறிய விலையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பத்திரத்தில் காட்டினோம். 2021இல் சராசரி எடுத்தால் அந்த மூன்றில் ஒரு பங்குதான் வரும். ஆறுதல் தொகையைச் சேர்த்தும், செண்டுக்கு எங்கள் ஊர்ச் சந்தை விலையைத் தொட்டது, தாண்டவில்லை. இதற்காக அலுவலகத்தைத் திட்டினால் கண்ணாடியைத் திட்டுவதுபோல.

அதுகூட இல்லாத காலமும் இருந்தது. என் மாமனார் நிலத்தை 2008இல் ஒரு சாலைக்கு எடுத்தபோது ஆறுதல் தொகை என்ற பேச்சே இல்லை. 1997 முதல் 2014 வரை அப்படித்தான் போனது. 2019இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. அவர்கள் குடும்பம் இப்போது வக்கீல் வைத்திருக்கிறது. மாமனார் இல்லை.

மரக்கணக்கு தனிக்கூத்து. தென்னை பதினொன்று, வேம்பு ஒன்று. தோட்டக்கலைத் துறைப் பையன் வெயிலில் நின்று ஒழுங்காக எண்ணிப் பெயிண்டில் நம்பர் போட்டான். பட்டியல் வந்தபோது ஒன்பது தென்னை. இரண்டு மரம் காகிதத்தில் நடக்கும்போது செத்துவிட்டன. ஒவ்வொரு மரத்தையும் நம்பர் தெரிய, பக்கத்தில் நான் நின்று, போட்டோ எடுத்து வைத்திருந்தேன். திருத்த ஐந்து வாரம் ஆனது. போட்டோ இல்லாத பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, பட்டா அப்பா பெயரில் இருந்தது என் தப்பு. 2011இல் தவறிப்போனார், நான் பெயர் மாற்றவில்லை. வாரிசுச் சான்று, தங்கைகள் இருவர் கையெழுத்து, 30 வருட வில்லங்கம், மூலப்பத்திரம், அடங்கல் என்று நான்கு மாதம் ஓடியது. சின்னத் தங்கை மும்பையில் இருக்கிறாள், கையெழுத்துக்காக ரயில் ஏறி வந்தாள். அவளுக்கும் சரிபங்கு வங்கிக் கணக்கில் நேராகப் போனது. அப்பா இருந்திருந்தால் கொஞ்சம் முனகியிருப்பார்.

லஞ்சம் கேட்டார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளே யாரும் கேட்கவில்லை. வெளியே டீக்கடையில் ஒருவர் 'சீக்கிரம் முடித்துத் தர' மூன்று சதவீதம் கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கும், அவருக்குக் கொடுத்த இருவருக்கும், ஒரே நாளில்தான் பணம் வந்தது. 2023 ஐப்பசியில், தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னால். கை நீட்டாததற்கும் கணக்கில் நேராகப் போட்டதற்கும் முழுசாக ஒரு நட்சத்திரம்.

நடுவர் மனு உண்டு. தொகை போதவில்லை என்றால் போடலாம், எங்கள் பக்கம் மாவட்ட ஆட்சியர்தான் நடுவர். பங்காளி போட்டிருக்கிறார். கூடுதலாகக் கிடைத்தால் அதற்கு 9 சதவீதம் வட்டியும் உண்டு. நான் போடவில்லை. எனக்கு வேண்டியது பணமில்லை, குழாய்.

அந்த முத்திரைக்கு இப்போது வருகிறேன். மண் கொட்டும் வண்டிகள் வந்த அன்று, முத்திரை போட்ட நகலை எடுத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரின் தள இன்ஜினியரிடம் போனேன். இருபத்தாறு வயது இருக்கும். கட்டுமானப் பிரிவிலிருந்து அவனுக்கு எதுவும் வரவில்லை. ஆனால் தாளைப் பார்த்தான், சிவப்புக் கோட்டைப் பார்த்தான், இரண்டு இடத்துக்கு போன் போட்டான். "சார், ஃபில்லிங் முடிஞ்சுட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குள்ள பைப் கொண்டு வந்தீங்கன்னா போட்டுத் தரேன்" என்றான். அன்று ராத்திரியே டவுனுக்குப் போய் ஆறு அங்குலக் குழாய் வாங்கி, டெம்போவில் ஏற்றி வந்து, தோப்பில் படுத்துக்கொண்டேன். ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று அவனே சொன்னதால், பக்கத்திலேயே இரண்டாவதும் போட்டோம். குழாய்க்காசு என்னுடையது, போடக் கூலி வாங்கவில்லை. இந்த மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் அந்தப் பையனுக்குத்தான். அவன் அந்த அலுவலகத்தைச் சேர்ந்தவனே அல்ல என்பதையும் கவனியுங்கள்.

ஆக, தண்ணீர் கடந்துவிட்டது. வண்டி கடக்கவில்லை. தோப்புக்கு டிராக்டர் போக, வடக்கே உள்ள சுரங்கப்பாதை வரை போய்த் திரும்பி வர வேண்டும், ஒன்றரை கிலோமீட்டர். தேங்காய் வெட்டுக்காரர்கள் முன்பு நடந்து வந்தார்கள். இப்போது சுற்றுக்கூலி என்று ஆளுக்கு ஐம்பது ரூபாய் சேர்த்துக் கேட்கிறார்கள். இருபத்திரண்டு லிட்டர் பாலைத் தலையில் வைத்துக்கொண்டு தடத்தில் நடந்த என் அம்மாவின் காலடி இருந்த இடத்தில் லாரிகள் நூறில் போகின்றன. எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

உங்கள் நிலத்தின் வழியாகவும் கோடு வருகிறது என்றால், பட்டாவுக்கு முன்னால் பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மாமூல், தடம், பாத்தியம், வாய்க்கால் என்ற சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். 21 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள். பங்காளியோடு சண்டை என்றால் சண்டை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது முடியாது.

இரண்டாவது குழாய் இப்போதைக்குச் சும்மா கிடக்கிறது. பங்காளிக்கும் கிழக்கே அறுபது செண்ட் மிச்சமாக நிற்கிறது. அதற்குத் தண்ணீர் விட அந்தக் குழாயைத் தர முடியுமா என்று போன வாரம் அவர் மகன் வந்து கேட்டான். தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முத்திரைத்தாள் மட்டும் அவனை வாங்கி வரச் சொன்னேன்.