பிரிண்ட் பளிச், ஆனால் அந்த மைக்ரோ ஜெராக்ஸ்?

களியக்காவிளையில் காலேஜ் பிள்ளைகள் மொய்க்கிற ஒரு ஜெராக்ஸ் கடை பற்றி எழுதுகிறேன். பிரிண்ட் பளிச்சென்று வரும், ஸ்பைரல் பைண்டிங் பிரியாது, பாறசாலையிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். சரி, அதில் குறையில்லை.

பரீட்சை சமயத்தில்தான் வயிறு எரிகிறது. ஒரு யூனிட் முழுவதையும் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, மடித்து, ரப்பர் பேண்டு போட்டுத் தயாராக வைத்திருக்கிறார்கள். போன வாரம் நர்சிங் படிக்கிற ஒரு பெண் மருந்து டோஸ் கணக்கையே பிட்டாக வாங்கிப் போனாள். நாளைக்கு வார்டில் ஊசி போடப்போகிற கை அது! பெங்களூரு மாணவர்களைப் பகடை உருட்டவிட்டு, விழுந்த எண்ணை அவர்களையே சொல்லவைத்து, பொருளாதார ஆய்வாளர்கள் ரேமா ஹன்னாவும் ஷிங்-யி வாங்கும் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. விழுந்ததைவிட அதிகமாகப் பொய்யாகச் சொன்னவர்களுக்கு அரசு வேலை மேல் விருப்பம் அதிகமாம், அரசு நர்சுகளிலும் அதே விளையாட்டில் ஏமாற்றியவர்கள்தான் பொய் சொல்லி டூட்டிக்கு அதிகம் மட்டம் போட்டிருக்கிறார்கள். படிக்கும்போதே கை பழகிவிடுகிறது, அதற்குக் கடைக்காரரும் துணை போகலாமா?

பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடை இருக்கிறது, காசு கொஞ்சம் கூட. நான் இப்போது அங்கேதான் போகிறேன். இந்தக் கடைக்கு ஒரு ஸ்டார்.