லால்பாக் மாம்பழ மேளா: பழத்தை விடுங்கள், காயைப் பாருங்கள்

மே மாதக் கடைசியில் பெங்களூரு லால்பாக் பூங்காவில் பந்தல் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் எங்கள் வீட்டில் மற்ற மாம்பழப் பேச்சு நின்றுவிடும். வில்சன் கார்டனில் குடியேறியதிலிருந்து இந்த மேளாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். கர்நாடக மாநில மா வளர்ச்சி மற்றும் சந்தைப்படுத்தல் கழகம் நடத்துவது. கோலார், சிக்கபள்ளாப்பூர், ராமநகரம், தும்கூர்ப் பக்கத்து விவசாயிகள் தங்கள் தோட்டத்துக் காயைத் தாங்களே கொண்டுவந்து விற்கிறார்கள். ஏறக்குறைய மூன்று வாரம். ஜூன் பாதியைத் தாண்டினால் பந்தல் பிரிந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் அங்கே மஞ்சளாகப் பளபளக்கும் பழத்தைத் தேடுகிறார்கள். ஒன்றிரண்டு கிலோ வாங்கிக்கொண்டு, "இதற்கா இவ்வளவு கூட்டம்?" என்று திரும்புகிறார்கள். உடனே அறுத்துச் சாப்பிடப் பழம் வேண்டுமானால் தெருமுனைக் கடையே போதும். லால்பாக்கில் கிடைப்பதும் வேறெங்கும் கிடைக்காததும், இரண்டு நாளைக்கு முன் மரத்திலிருந்து இறங்கிய முற்றிய காய். அதோடு, எந்தத் தோட்டம், எப்போது இறக்கியது என்று பதில் சொல்ல எதிரில் நிற்கும் ஆள். இத்தனை ஆண்டுகளாக நாங்கள் போவது இந்த இரண்டுக்காகத்தான்.

என் மாமனாருக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், மாங்கன்றுகளுக்குப் பேர்போன சந்தூர்ப் பக்கம். அவர் காயை அமுக்கிப் பார்க்கவே மாட்டார். அமுக்கிய இடம்தான் முதலில் அழுகும் என்பார். காம்புப் பக்கத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடிப்பார். காம்பின் இருபுறமும் தோள் எழும்பி, காம்பு சற்றே குழிக்குள் இறங்கியிருந்தால் முற்றிய காய். தோள் சரிந்து, காம்பு துருத்திக்கொண்டு நின்றால் இளசு. அது பழுக்காது, வெம்பிப்போகும். தோலில் சாம்பல் பூத்ததுபோல் மெல்லிய மாவு இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாகக் காம்பின் நீளம். ஒரு விரற்கடை விட்டு வெட்டியிருந்தால் பால் வடிந்திருக்காது. ஒட்டப் பறித்த காயில் பால் வழிந்த தடம் கருத்துப்போய், பழுக்கும்போது அங்கிருந்தே கெடத் தொடங்கும். சந்தேகம் வந்தால் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முற்றியது அடியில் போய் உட்காரும், இளசு மிதக்கும்.

போன பருவத்தில் கோலார் மாவட்டத்து முல்பாகல் பக்கத்துக்காரர் ஒருவரிடம், "எப்போது இறக்கினீர்கள் தம்பி?" என்று மாமா கேட்டார். அந்தப் பக்கம் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் நாக்கில் புரளும். "முந்தாநாள் சாயங்காலம் ஐயா. வியாழக்கிழமை வரைக்கும் வைக்கோலைக் கிளறாதீர்கள். வெள்ளிக்கிழமை வாசனை உங்களைக் கூப்பிடும்" என்றார். வெள்ளிக்கிழமை மதியமே வீடு முழுக்க மணந்தது.

ரகங்களில் என் முதல் ஓட்டு ராஸ்புரிக்கு. பழைய மைசூர்ப் பகுதி முழுக்கக் கொண்டாடும் பழம், வெளியூரில் அவ்வளவாகத் தெரியாது. நார் குறைவு, சாறு அதிகம், தூரப் பயணம் தாங்காது; ஆகவே பக்கத்துத் தோட்டத்திலிருந்து நேராக வாங்குவதே சரி. கரைத்து, பாலும் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்தால் கன்னட வீடுகளில் செய்யும் சீகரணை. பூரிக்குத் தொட்டுக்கொண்டால் வேறெதுவும் வேண்டியதில்லை. மேளா தொடங்கிய முதல் வாரத்தில் ராஸ்புரியையும் செந்தூராவையும் வாங்கிவிட வேண்டும்.

பாதாமி என்று பலகையில் எழுதியிருப்பது அல்போன்சாதான். கூட்டம் அங்கேதான் மொய்க்கும், விலையும் கூடுதல். அந்தப் பழத்துக்கு ஒரு குறை உண்டு. வெளியே அப்பழுக்கில்லாமல் இருக்கும். அறுத்தால் சிலவற்றில் கொட்டையை ஒட்டிய சதை வெளிறி, பஞ்சுபோல் உப்பி, புளிப்பேறியிருக்கும். விற்றவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ரகத்தின் உடல்கோளாறு அது, வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அல்போன்சாவையும் பங்கனப்பள்ளியையும் கலந்து உருவாக்கிய அர்கா புனீத் ரகத்தில் இந்தக் கோளாறு இல்லை. எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இமாம் பசந்த் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும், மூக்கை நம்பித்தான் அறுக்க வேண்டும். சர்க்கரைகுட்டி பிள்ளைகளுக்கானது, உருட்டி, நுனியைக் கடித்து, உறிஞ்சிச் சாப்பிடுவது. நீலத்தையும் தசேரியையும் கலந்து டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கிய மல்லிகாவைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை. அது மேளாவின் கடைசி நாட்களில்தான் வரும். நிறம் மாறியதும் அவசரப்பட்டு அறுத்துவிட்டு, "புளிக்கிறது" என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். தோல் லேசாகச் சுருங்கும் வரை காத்திருந்தால், அந்த இனிப்புக்கு எதையும் பக்கத்தில் வைக்க முடியாது.

கிளிமூக்கு மாங்காயை வழக்கமாக யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உப்பு, மிளகாய்த்தூளுக்கும் பச்சடிக்கும் இரண்டு வாங்குவார்கள், அவ்வளவுதான். அதை நம்பியிருக்கும் விவசாயிக்கோ ஆந்திராவின் சித்தூர், தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகள்தான் கதி. 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலக் கிளிமூக்கு உள்ளே வரத் தடை போட்டபோது கோலார் மாவட்டமே கொந்தளித்தது. சீனிவாசபுரத்தில் கடையடைப்பு நடந்தது. பிறகு மத்திய அரசு குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று விலை வைத்து, 2.5 லட்சம் டன் வரை விலை வித்தியாசத்தை ஈடுகட்ட ஒப்புக்கொண்டது. கிலோவுக்குப் பதினாறு ரூபாய்! நகரத்தில் நாம் ஒரு டம்ளர் மாம்பழச் சாற்றுக்குக் கொடுக்கும் பணத்தை நினைத்தால் மனம் ஆறவில்லை. அதிலிருந்து லால்பாக்கில் கிளிமூக்கையும் பை நிறைய வாங்குகிறேன். ஊறுகாய்க்கும் ஆகும், வற்றலுக்கும் ஆகும்.

கல் வைத்த பழம் பற்றிய பயம் எல்லாருக்கும் இருக்கிறது. கார்பைட் கல்லால் பழுக்க வைப்பது 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டது. பழுக்க வைக்க எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. காயாக வாங்குகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. வைக்கோல் கிடைக்காவிட்டால் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் காம்பு கீழே பார்க்க ஒரே அடுக்காக வைத்தால் போதும். குளிர்சாதனப் பெட்டிக்குள் காயை வைக்கவே கூடாது. குளிரில் பழுப்பது நின்று தோல் கருத்துவிடும்.

குறைகளும் உண்டு. ஒரு கடையில் கட்டிய பெட்டியாக வாங்கியபோது மேலடுக்கில் பெருங்காய், கீழடுக்கில் பொடிக்காய் இருந்தது. பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், தோட்டக்காரர் மறுக்க மாட்டார். காயைப் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியாத ஆட்களும் சில கடைகளில் நிற்கிறார்கள். இரண்டு கேள்வி கேட்டாலே விளங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை போகாதீர்கள். கூட்டம் ஒரு பக்கம், கோடை மழை மறு பக்கம். வாரநாள் காலையில் போனால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். மெட்ரோ பச்சைத் தடத்தில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாசல் அருகில்தான். துணிப்பை கொண்டு போக வேண்டும்.

பெருந்தொற்றுக் காலத்தில் மேளா இல்லாதபோது கழகத்தின் இணையதளத்தில் பதிவு செய்தால் தபால்துறை வீட்டுக்கே பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தது. விவசாயிக்குப் பெரிய உதவி அது. ஆனாலும் 2022இல் பந்தல் மறுபடி எழுந்தபோதுதான் எங்களுக்கு நிம்மதியானது. காம்பைத் திருப்பிப் பார்க்காமல் மாமாவால் காய் வாங்க முடியாது.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஒவ்வொரு கடைப் பலகையிலும் ரகமும் விலையும் இருக்கின்றன. கூடவே தோட்டம் இருக்கும் ஊரையும் காய் இறக்கிய தேதியையும் சாக்பீஸால் எழுதி வைத்தால், கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் நல்ல காயாகப் பார்த்து வாங்கிப் போவார்கள்.