ஒரு வினைச்சொல்லை வைத்து ஓர் அகராதிச் செயலியைச் சோதித்தபோது

அகராதி வாங்குவோர் பலர் முதலில் அதில் அரிய சொற்களைத் தேடிப் பார்ப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. அரிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும் என்பதால் அதை எழுதுவது எளிது. நாள்தோறும் புழங்கித் தேய்ந்த சிறிய வினைச்சொல்லில்தான் தொகுத்தவரின் உழைப்பு வெளிப்படும். எனவே, இரண்டு மாதங்களாகக் கைப்பேசியில் பயன்படுத்தி வரும் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியை 'ஸ்டார்ட்' என்ற ஒரே சொல்லைக் கொண்டு சோதித்தேன். அதன் பெயரைச் சொல்லவில்லை. நான் பார்த்த வேறு சில செயலிகளிலும் இதே குறைகள் உள்ளன.

சொல்லைத் தட்டியதும் 'தொடங்கு, ஆரம்பி, துவக்கு, புறப்படு, கிளம்பு, இயக்கு, திடுக்கிடு' என ஏழு தமிழ்ச் சொற்கள் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. ஒன்றும் தவறில்லை. ஆனால் எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. ஆங்கிலத்தில் தீயும் வதந்தியும் சண்டையும் வண்டியும் இந்த ஒரே வினைக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழிலோ தீயை மூட்டுகிறோம், வதந்தியைக் கிளப்புகிறோம், சண்டைக்கு இழுக்கிறோம், வண்டியை ஓட்டத் தயாராக்கும்போது மட்டும் கூச்சமின்றி 'ஸ்டார்ட் செய்கிறோம்'. இந்த வரியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர் 'வதந்தியைத் தொடங்கினார்' என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார். 'ஸ்டார்ட் எ ஃபேமிலி' என்ற தொடர் இதைவிட ஆபத்தானது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் திருமணம் செய்துகொள்வதைப் போலத் தோன்றும். ஆங்கிலத்தில் அது முதல் குழந்தையைப் பெற்றுக்கொள்வதையே குறிக்கிறது. செயலியில் இத்தொடர் இல்லவே இல்லை.

வரிசையின் கடைசியில் நிற்கும் 'திடுக்கிடு' எப்படி அங்கே வந்தது என்று பலர் வியக்கக்கூடும். நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் மாணவி ஒருவர் அதை அச்சுப்பிழை என்றே முடிவுகட்டிவிட்டார். உண்மையில் இச்சொல்லின் பழைய பொருளுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். பழைய ஆங்கிலத்தில் இதன் வேர் துள்ளி எழுவதைக் குறித்தது. ஓசை கேட்டு உடல் தூக்கிவாரிப் போடுவதும், இருந்த இடத்தைவிட்டுச் சட்டென நகர்வதும், பயணம் புறப்படுவதும் அதிலிருந்து கிளைத்தவை. ஒரு செயலைத் தொடங்குவது என்ற இன்றைய பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது. திடுக்கிடச் செய்வதைக் குறிக்கும் 'ஸ்டார்ட்ல்' என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் 'கிளம்பு' ஏறத்தாழ இதே வழியில் நடந்திருக்கிறது: புழுதியும் கிளம்புகிறது, பயணியும் கிளம்புகிறார். ஓர் அகராதி இதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருந்தால், ஏழு பொருள்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்யும் தேவை இருந்திருக்காது.

'பிகின்' என்ற சொல்லோடு இதற்குள்ள வேறுபாட்டை அறிய முயன்றால், 'பார்க்க: பிகின்' என்கிறது செயலி. அங்கே போனால் 'பார்க்க: ஸ்டார்ட்' என்று திருப்பி அனுப்புகிறது! பல வாக்கியங்களில் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாக வரலாம். 'பிகின்' சற்று எழுத்து நடையைச் சார்ந்தது, அவ்வளவே. ஆனால் இயந்திரத்தை இயக்குவதற்கும் பயணம் புறப்படுவதற்கும் 'பிகின்' பொருந்தாது. தொடங்குவதையே குறிக்கும், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த 'கமென்ஸ்' அலுவலக அறிவிப்புக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது.

இலக்கணப் பகுதிதான் என்னை மிகவும் ஏமாற்றியது. இவ்வினைக்குப் பின் 'டு' சேர்த்தும் எழுதலாம், 'இங்' விகுதியோடும் எழுதலாம் என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. 'இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெயின்' என்பதில் 'ரெயினிங்' என்று முடித்தால் காதுக்கு ஒவ்வாது என்பதும், புரிந்துகொள்ளுதல் போன்ற மனநிலை வினைகளுக்கு முன் 'டு' வடிவமே இயல்பு என்பதும் சொல்லப்படவில்லை. தமிழில் 'பெய்யத் தொடங்கியது', 'புரியத் தொடங்கியது' என எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு இருப்பதால், நமக்கு இந்த நுட்பத்தை யாராவது எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். அதைவிட முக்கியமானது 'ஃப்ரம்'. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு தொடங்குகிறது என்று சிந்திக்கும் நாம் ஆங்கிலத்திலும் 'ஃப்ரம் மண்டே' என்று எழுதிவிடுகிறோம். தொடங்கும் நேரத்தைச் சொல்லும்போது கிழமைக்கு 'ஆன்', மணிக்கு 'அட்', மாதத்துக்கு 'இன்' என்பதே செவ்விய வழக்கு. புறப்படும் இடத்தைச் சொல்லும்போது 'ஃப்ரம்' சரியானதே. இந்தப் பிழையைத் தவிர்க்க உதவ வேண்டிய செயலியின் எடுத்துக்காட்டு வாக்கியமே 'கிளாஸஸ் ஸ்டார்ட் ஃப்ரம் மண்டே' என்றிருந்தது.

நல்லவையும் உண்டு. பிரித்தானிய ஒலிப்பில் 'ர்' கேட்காமல் கரைவதையும் அமெரிக்க ஒலிப்பில் அது தெளிவாகக் கேட்பதையும் இரண்டு குரல்களில் அடுத்தடுத்துக் கேட்க முடிகிறது. இணைய இணைப்பு இல்லாமலும் வேலை செய்கிறது. தமிழிலிருந்து தேடும் வசதி பாதி வெற்றி: 'புறப்படு' என்று தட்டினால் 'செட் அவுட்' முதலில் வருகிறது, ஆனால் 'அழலானாள்' போன்ற வடிவத்தை அதனால் அடையாளம் காண முடியவில்லை. பொருளை விரைவாகப் பார்த்துவிட்டு மூடுபவருக்கு இது போதும். ஆங்கிலத்தில் எழுதவோ மொழிபெயர்க்கவோ வேண்டியவர், ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் கற்போர் அகராதி ஒன்றையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன்.

அந்த எடுத்துக்காட்டைச் சுட்டிக்காட்டிச் செயலியின் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தேன். மூன்று வாரங்களில் வந்த புதிய பதிப்பில் 'ஃப்ரம்' போய் 'ஆன்' வந்திருக்கிறது. ஏழு சொற்களும் அதே வரியில், அதே காற்புள்ளிகளோடு நிற்கின்றன.