மனப்பாடப் பட்டியலா, மே தினக் கதையா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன், வார்த்தைகளைப் பதியவைக்க இந்த இரண்டு வழியையும் முயன்று பார்த்தாயிற்று.

தினம் பத்து வார்த்தை, எதிரில் அர்த்தம், மறுநாள் ஒப்பிக்க வேண்டும் என்பது ஒரு வழி. வேகம் உண்டு, ஸ்பெல்லிங்கும் பிசகாது. ஆனால் வாரம் திரும்புவதற்குள் பாதி மறந்துவிடுகிறது.

இன்னொன்று, மே 1 ஏன் விடுமுறை என்ற கேள்வியில் தொடங்குவது. 1886-ல் அமெரிக்கத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியது, சிகாகோவில் அது கலவரமானது, 1923-ல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியது என்று சொல்லிக்கொண்டே போனால் யூனியன், டிமாண்ட் எல்லாம் கூடவே வந்துவிடும். சரி, ஸ்ட்ரைக் என்றால் அடிப்பதுதானே, அது எப்படி வேலைநிறுத்தம் ஆச்சு? 1768-ல் லண்டனில் மாலுமிகள் பாய்களை இறக்கிவிட்டுக் கப்பலை நிறுத்தினார்கள், பாயை இறக்குவதற்கும் அதே சொல்தான். பாய்காட், அதாவது புறக்கணிப்பு, என்பதோ 1880-ல் அயர்லாந்துக் குத்தகைக்காரர்கள் ஊரோடு ஒதுக்கிவைத்த ஒரு நில ஏஜெண்டின் பெயர்!

அப்புறம் 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் என்ற பஞ்சாலையில் நடந்த வேலைநிறுத்தத்துக்கு வருவேன். வ.உ.சி. துணைநின்ற போராட்டம், அன்றைக்குத் தூத்துக்குடியும் நம் திருநெல்வேலி மாவட்டம்தான் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஸ்பெல்லிங்குக்குப் பட்டியலே மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் ஓட்டு கதைக்குத்தான். கதை முடிந்தபின் அதில் வந்த வார்த்தைகளை மட்டும் நோட்டில் எழுத வைக்கிறேன்.