இதய, நெஞ்சக மயக்கவியல் பன்னாட்டு மாநாடு: சென்று வந்தவரின் மதிப்பீடு

இதய அறுவைக்கும் நுரையீரல் அறுவைக்கும் மயக்க மருந்து கொடுக்கும் பணியில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். ஐரோப்பிய நகரம் ஒன்றில் மூன்று நாள் நடைபெற்ற, இத்துறைக்கே உரிய பன்னாட்டு மாநாட்டுக்குச் சொந்தச் செலவில் சென்று வந்தேன். திரும்பியதிலிருந்து இளைய மருத்துவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவு பணம் செலவழித்துப் போகலாமா? உரைகளைக் கேட்பதற்காக மட்டும் என்றால் போக வேண்டாம். இரண்டு பயிலரங்குகளுக்காகவும் ஒரு பிற்பகல் அமர்வுக்காகவும் என்றால் கட்டாயம் போகலாம்.

முதன்மை உரைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதய அறுவையில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7.5 கிராமுக்குக் கீழே இறங்கும்வரை இரத்தம் ஏற்றாமல் பொறுத்திருப்பதால் நோயாளிக்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை என்று 2017-இல் காட்டிய ட்ரிக்ஸ்-3 ஆய்வையும், உள்ளிழுக்கும் மயக்க மருந்து இதயத்தைப் பாதுகாக்கும் என்ற நெடுநாள் நம்பிக்கையை 13 நாடுகளில் 5,400 பைபாஸ் அறுவை நோயாளிகளிடம் சோதித்து, ஓராண்டு இறப்பில் வேறுபாடு இல்லை என்று 2019-இல் அறிவித்த மிரியட் ஆய்வையும் நன்றாகவே விளக்கினார்கள். ஆனால் இவை அனைத்தும் மருத்துவ இதழ்களில் வந்தவை, வீட்டிலிருந்தே படித்துவிடலாம்.

முதல் பயிலரங்கு உணவுக்குழாய் வழி எக்கோ பற்றியது; புரோப் என்ற குழாயை உணவுக்குழாய்க்குள் செலுத்தி, ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனை அது. இந்தப் பரிசோதனைக்கு 1999-இல் 20 காட்சிகளை வரையறுத்தார்கள். 2013-இல் அது 28 ஆயிற்று. அறுவை நடந்துகொண்டிருக்கும்போது, சர்ஜன் திரையைத் திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்கும் அந்த நேரத்தில், எந்தக் காட்சியை எப்படிக் கொண்டுவருவது என்பதைக் கைதான் அறிந்திருக்க வேண்டும். சிமுலேட்டர் பொம்மையின் வாய்வழியே புரோபை நுழைத்ததும் ஒரு திரையில் எக்கோ படமும், அதன் அருகிலேயே முப்பரிமாண இதயத்தை ஒலிக்கற்றை வெட்டிச் செல்லும் தளமும் தெரிந்தன. புரோபை அசைக்காமல், கோணத்தை மட்டும் 0-இலிருந்து 60, 90, 120 பாகை என்று மாற்றச் சொன்னார் பயிற்றுநர். நான்கு அறைகள், இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வின் இரு ஓரங்கள், இடப்பக்க இரண்டு அறைகள், இறுதியாகப் பெருந்தமனி வாயில் என்று ஒரே இதயம் ஒவ்வொரு கோணத்திலும் வேறு முகம் காட்டியது. 60 பாகையில் வால்வு இதழின் எந்தப் பகுதி திரையின் எந்தப் பக்கத்தில் வரும் என்பதை இத்தனை ஆண்டுகளாக மனப்பாடமாகவே வைத்திருந்தேன்; வெட்டும் தளத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அது ஏன் அங்கே வருகிறது என்று புரிந்தது. நான்கு பேருக்கு ஒரு பயிற்றுநர் என்ற ஏற்பாட்டைத் தனியே பாராட்ட வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் புரோப் ஏறத்தாழ அரை மணி நேரம் இருந்தது.

இரண்டாவது பயிலரங்கு ஒரு நுரையீரலை மட்டும் இயக்கி மற்றதைச் சுருங்க வைக்கும் முறை பற்றியது. இரு நுரையீரல்களுக்கும் தனித்தனி வழி உள்ள இரட்டைக் குழல் டியூபில் பெரும்பாலும் இடப்பக்க டியூபையே எடுக்கிறோம். வலது நுரையீரலின் மேல் மடலுக்கான கிளை, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்த சிறிது தொலைவிலேயே தொடங்கிவிடுவதால், வலப்பக்க டியூபின் பலூன் அதை அடைத்துவிடும் ஆபத்து அதிகம். இதைப் படிக்காதவர் இல்லை. ஆனால் மூச்சுக்குழலின் உட்புறத்தைக் காட்டும் மெல்லிய பிராங்கோஸ்கோப் வழியே பார்க்கும்போது எது இடம், எது வலம் என்று குழம்பாதவரும் இல்லை. பயிற்றுநர் ஓர் அடையாளத்தைச் சொல்லிக் கொடுத்தார்: வலது மேல் மடலுக்குள் எட்டிப் பார்த்தால் மூன்று துளைகள் ஒன்றாகத் தெரியும், அதைக் கண்டுவிட்டால் வலப்பக்கம் உறுதி, அங்கிருந்து பின்வாங்கி இடப்பக்கம் பார்த்தால், நீல பலூனின் விளிம்பு பிரியும் இடத்துக்குச் சற்றே கீழே பிறைபோல் தெரிய வேண்டும். வேண்டுமென்றே தவறாகச் செருகப்பட்ட டியூப்களைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன பிழை என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சரியான நிலையை நூறு முறை பார்ப்பதைவிடத் தவறான நிலையைப் பத்து முறை பார்ப்பது பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

நான் சொன்ன பிற்பகல் அமர்வில் மூத்த மருத்துவர்கள் தங்கள் கையில் தவறிப்போன நிகழ்வுகளை எடுத்துரைத்தார்கள். ஒருவர் புரோட்டமின் எதிர்விளைவு பற்றிப் பேசினார். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மாற்றாக இயங்கும் பைபாஸ் இயந்திரத்திலிருந்து விடுபட்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினை முறிக்கப் புரோட்டமின் மருந்தை ஏற்றிய சில நிமிடங்களில் நுரையீரல் தமனியின் அழுத்தம் ஏறி, வலது கீழறை பலூன்போல் உப்பி, இரத்த அழுத்தம் சரிந்திருக்கிறது. மீண்டும் ஹெப்பரின் கொடுத்துப் பைபாஸுக்குத் திரும்ப வேண்டிய நிலையில், இயந்திரத்தின் குழாய்களைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். நோயாளி பிழைத்தார், ஆனால் இழந்த நிமிடங்களை அவர் திரையில் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியபோது அரங்கில் யாரும் அசையவில்லை. புரோட்டமின் முழுவதும் ஏறி அழுத்தம் நிலைபெறும்வரை குழாயில் யாரும் கை வைக்கக் கூடாது என்ற விதி எல்லோருக்கும் தெரிந்ததே. அதை மீறினால் என்ன நேரும் என்பதைப் பட்டவர் வாயால் கேட்பது வேறு.

பன்னாட்டு மாநாடு என்ற பெயருக்கு நிகழ்ச்சி நிரல் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் முதன்மையான வருத்தம். பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியவர்களுக்குத் தொடைவழியே வால்வு பொருத்தும்போது லேசான மயக்கம் போதுமா, முழு மயக்கம் தேவையா என்பதற்குக் காலைப் பொழுது முழுவதையும் ஒதுக்கியிருந்தார்கள். நம் அறுவை அரங்குகளுக்கு வருபவர்களோ, சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் கண்டு, மிட்ரல் வால்வு சுருங்கி, நுரையீரல் அழுத்தம் ஏறிய நிலையில் வரும் இளம் பெண்கள், பலர் கர்ப்பிணிகள். அவர்களைப் பற்றி 20 நிமிட உரை ஒன்றே இருந்தது. இந்தியாவில் பெருவாரியாகச் செய்யப்படும், இயந்திரம் இல்லாமல் துடிக்கும் இதயத்திலேயே நடக்கும் பைபாஸ் அறுவையும் அப்படியே. இதயத்தைத் தூக்கிப் பின்பக்கத் தமனியில் தையல் போடும்போது சரியும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதில் நம் ஊர் மயக்க மருத்துவர்களுக்குப் பழுத்த அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தை மேடையில் கேட்டிருந்தால் ஐரோப்பிய மருத்துவர்களும் பயன்பெற்றிருப்பார்கள்.

பயிலரங்குகளுக்குத் தனிக் கட்டணம் என்பதைப் பதிவின் இரண்டாம் பக்கத்தில்தான் தெரிவித்தார்கள். வருமானம் குறைந்த நாட்டு மருத்துவர்களுக்கான சலுகை மாநாட்டுக் கட்டணத்துக்கு மட்டுமே. கற்றுக்கொள்ளும் வாய்ப்பு கூடுதலாக உள்ள பயிலரங்குகளுக்கு அது இல்லை. இதை அமைப்பாளர்களுக்கு எழுதியும் அனுப்பியிருக்கிறேன். ஆய்வுகளை விளக்கும் போஸ்டர்களை மின்திரையில் உணவு இடைவேளையின்போது காட்டியதால், பல மாதம் உழைத்துத் தரவு சேர்த்த பயிற்சி மருத்துவர்கள் வெறும் நாற்காலிகளைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. எகிப்திலிருந்து வந்த ஒரு பெண் மருத்துவரின் போஸ்டருக்கு நானும் நடுவர் ஒருவருமே இருந்தோம். சைவ உணவும் அரங்க ஒலியமைப்பும் நன்றாகவே இருந்தன.

முதுநிலைப் படிப்பை இப்போதுதான் முடித்தவர்கள் ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருந்து, கையில் எக்கோ புரோபைப் பிடித்துப் பழகிய பிறகு செல்வது நல்லது. அதுவரை நம் நாட்டில் நடக்கும் இதய மயக்கவியல் மாநாடுகளின் பயிலரங்குகளே போதும். செல்வதென்று முடிவு செய்தவர்கள் பயிலரங்கு இடம் உறுதியான பிறகே விமானச் சீட்டு எடுக்க வேண்டும். இரண்டு பயிலரங்குகளும் ஒரே நாளில் வந்தால் காலையில் ஒன்றும் மாலையில் மற்றதும் அமையுமாறு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்; எனக்கு அப்படி மாற்றிக் கொடுத்தார்கள்.