கார்காயில்ஸ் க்வெஸ்ட்: சிறகை நம்பி ஆடும் ஆட்டம்

நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் என்றதும் எல்லோரும் டெட்ரிஸைச் சொல்வார்கள், இல்லையென்றால் மாரியோவை. கேப்காம் 1990-ல் அதே கேம்பாய்க்கு வெளியிட்ட கார்காயில்ஸ் க்வெஸ்ட்டைப் பற்றி மதுரையில் ஒருவர் பேசிக்கூட நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்து கையடக்கக் கருவியில் வந்த பழைய ஆக்‌ஷன் ரோல் பிளேயிங் (பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே போகும்) விளையாட்டுகளில் இவ்வளவு யோசித்துச் செய்தது வேறு கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

1985-ல் ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் இயந்திரத்தில்) வந்த கோஸ்ட்ஸ் அன் காப்ளின்ஸ் ஆடியவர்களுக்கு ஒரு சிவப்புப் பேயை மறக்க முடியாது. குறி வைத்தால் விலகும், அசந்தால் பாயும். அந்த வில்லன்தான் இங்கே நாயகன், பெயர் ஃபயர்பிராண்ட். பேயுலகத்துக்கு ஆபத்து வருகிறது, அதைக் காப்பாற்றக் கிளம்புகிறான். கதை அவ்வளவுதான். ஊர்களுக்கு நடுவே போகும்போது மேலிருந்து பார்க்கும் வரைபடம் வரும். குகைக்குள்ளோ கோட்டைக்குள்ளோ நுழைந்துவிட்டால் காட்சி பக்கவாட்டுக்கு மாறிச் சண்டை தொடங்கும்.

இந்த ஆட்டத்தின் உயிர் சிறகில் இருக்கிறது. ஒரு முறை அழுத்தினால் குதிப்பான், காற்றில் இருக்கும்போதே மறுபடி அழுத்தினால் சிறகை விரித்து அதே உயரத்தில் மிதப்பான். மிதக்க மிதக்கக் கீழே ஒரு அளவுக்கோடு குறைந்துகொண்டே வரும், தீர்ந்ததும் விழுந்துவிடுவான். கீழே பெரும்பாலும் முள். கை கொடுப்பது சுவர்தான். பல்லி மாதிரி அதில் ஒட்டிக்கொண்டு, நிதானமாகப் பார்த்து, அங்கிருந்து அடுத்த தாவல். எங்கே குதிப்பது, எந்தக் கணத்தில் சிறகை விரிப்பது, எந்தச் சுவரை நம்புவது என்று ஒவ்வொரு திரையிலும் கணக்குப் போட வேண்டும். தொடக்கத்தில் இரண்டு அடி வாங்கினாலே உயிர் போய்விடும், சிறகோ கொஞ்ச தூரம்தான் தாங்கும். முதல் பாதி கடினம் என்று சொல்வது இதனால்தான்.

போகப் போகக் குதிக்கும் உயரம் கூடுகிறது, மிதக்கும் நேரம் நீள்கிறது. மற்ற ரோல் பிளேயிங் விளையாட்டுகளில் லெவல் ஏறினால் ஒரு எண் மாறும், எதிரி ஒரு அடி முன்னால் சாவான், அவ்வளவுதான். இங்கே வளர்ச்சி கட்டைவிரலிலேயே தெரிகிறது. நேற்றுவரை எட்டாத மேடையில் இன்று சாதாரணமாகப் போய் இறங்குகிறோம். வாயிலிருந்து உமிழும் நெருப்பும் அப்படித்தான். வெறும் அடியாகத் தொடங்குவது பிறகு கற்களை உடைக்கிறது, அப்புறம் முள் சுவரிலும் ஒட்டிக்கொள்ள இடம் பண்ணித் தருகிறது. கடைசிப் பகுதியில் சிறகுக்கு அளவே இருக்காது. ஆரம்பத்தில் ஒவ்வொரு தாவலுக்கும் பயந்த கைக்கு அந்தப் பறத்தல் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பதை ஆடினால்தான் தெரியும். அந்த நேரத்தில் ஆட்டம் ரொம்ப எளிதாகிவிடுகிறது என்று சிலர் குறை சொல்லலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, உழைத்துச் சம்பாதித்த சிறகு அது.

உண்மையான குறை வரைபடத்தில் இருக்கிறது. நாலு எட்டு நடப்பதற்குள் திடீர்ச் சண்டை வந்து நிற்கும். சண்டை நடக்கும் இடமும் திரும்பத் திரும்ப அதேதான். வழி தெரியாமல் சுற்றும்போது இது நிஜமாகவே சலிப்பூட்டுகிறது. ஊரில் ஒருவரிடம் பேச வேண்டுமென்றால்கூட மெனுவைத் திறந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்திருந்தால் யாரிடமும் யோசிக்காமல் கொடுத்து ஆடச் சொல்வேன்.

இசை ஹருமி ஃபுஜிதாவும் யோகோ ஷிமோமுராவும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு இசையமைத்த அதே ஷிமோமுராதான். ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், இயர்போன் போட்டுக் கேளுங்கள்.

நான் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் செல்போன் சர்வீஸ் செய்கிறவன், உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். என் கேம்பாய் ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பரணிலிருந்து வந்தது. திரையில் நெட்டுக்கோடுகள் விழுந்திருந்தன. பழைய கேம்பாய்களில் திரையின் ரிப்பன் ஒட்டு விட்டுப்போவதால் வரும் கோளாறு இது. சால்டரிங் அயர்னை அந்த ஒட்டின் மேல் மெதுவாக ஓட்டினேன், கோடுகள் போய்விட்டன. பழைய கேம்பாயின் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. காலையில் செக்கானூரணி தாண்டி வரும்போது ஜன்னல் வெயிலில் திரை அருமையாகத் தெரியும். இரவு ஆரப்பாளையத்தில் ஏறினால் கருவியைப் பைக்குள் வைத்துவிட வேண்டியதுதான். நாலு பென்சில் செல் போட்டால் நாள் கணக்கில் ஓடுகிறது.

சர்வீஸ்காரனாக எனக்கு ரொம்பப் பிடித்த இன்னொரு விஷயம் பாஸ்வேர்ட். அந்தக் காலத்தில் பல கேட்ரிட்ஜ்களில் (கருவியில் செருகும் ஆட்டப் பெட்டிகளில்) ஆட்டத்தைச் சேமிக்க உள்ளே ஒரு பட்டன் செல் வைத்தார்கள். வருடங்கள் ஓடி அது தீர்ந்துவிட்டால் சேமித்ததெல்லாம் அழிந்துபோகும். கார்காயில்ஸ் க்வெஸ்ட்டில் ஊரில் கொடுக்கும் பாஸ்வேர்டை நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் முப்பது வருடத்துக்கு மேலான கேட்ரிட்ஜ்கூட இன்று எந்தப் பழுதுபார்ப்பும் இல்லாமல் முழுசாக ஆடக் கிடைக்கிறது. என் அக்கா பையனும் இதே கேட்ரிட்ஜில்தான் ஆடுகிறான். கடை ரசீது நோட்டின் பின்பக்கம் என்னுடையது, முன்பக்கம் அவனுடையது. "மாமா, உன் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்பான். நான் விடுவதில்லை. அந்தச் சிறகை அவனே வளர்க்கட்டும்.

நிண்டெண்டோவின் 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையில் முன்பு இதை வாங்க முடிந்தது, 2023-ல் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். இப்போது பழைய கேட்ரிட்ஜ் தேடி வாங்குவதென்றால் பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி போர்டைப் பார்த்து வாங்குங்கள். அசலில் நிண்டெண்டோ பெயர் போர்டிலேயே அச்சாகியிருக்கும். போட்டதும் ஓடவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்களை அரித்துவிடும். பஞ்சில் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.